சுழி சரியில்லாத குதிரை

ஜட்கா ஓட்டிப் பிழைத்தவன் நான். கோயமுத்தூர் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் ஸ்டாண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் என் பழைய குதிரை வயிற்றுவலி வந்து செத்துப்போனது. வேறொன்று வாங்க அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன்.

ஆடி மாதம் கோயில் திருவிழாவோடு கூடுகிற சந்தை அது. நிற்கிற குதிரைக்கெல்லாம் நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருப்பார்கள். செவலையாக ஒரு பொட்டைக் குதிரை. காலைத் தூக்கிப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன், நடக்கவிட்டுப் பார்த்தேன். குறையில்லை. விற்றவர் விலையை ரொம்ப இழுக்கவும் இல்லை. திருவிழாவில் சாமிப் பொட்டை அழித்துக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டினேன். சந்தனம் கரைந்து ஓடியது. நெற்றியில் மேலும் கீழுமாக இரண்டு சுழி.

குதிரைக்கு மயிர்ச்சுழி பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம். சுழி நல்லதாக இருந்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் வாங்கினவன் வீட்டில் சாவு விழும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பாமலும் இல்லை. சிவப்புத் துணியில் ஒரு பட்டை தைத்து நெற்றியை மறைத்துக் கட்டினேன்.

நல்ல குதிரை. பஸ் ஹாரனுக்கு மிரளாது. வயசானவர்கள் படியில் கால் வைத்தால் ஏறி முடிக்கும்வரை அசையாது.

ஒருநாள் ஸ்டாண்டில் தண்ணி காட்டும்போது பட்டை விலகியது. பக்கத்து வண்டிக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க குதிரைக்கு ரெண்டு கண்ணு பத்தலைன்னு நெத்தியில இன்னும் ரெண்டு வெச்சுப்போட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக இழுப்பு. அந்த மார்கழிப் பனியில் அதிகமாகிவிட்டது. படுக்கையில் கிடந்தவளிடம் யாரோ குதிரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ பொறக்கறதுக்கு முந்தியே எனக்கு இழுப்பு இருந்துது கண்ணு. அப்ப எந்தக் குதிரை வந்து வாசல்ல நின்னுச்சு?" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் கேட்கவில்லை. போய்விட்டாள். அவள் சொன்னதை நான் எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. சுழி வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள்.

என் சம்சாரம் அப்போது பிரசவத்துக்காகப் பெருந்துறைப் பக்கம் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. சித்திரையில் கூட்டிவரப் போனேன். மாமனார் கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. அந்தக் குதிரை உங்கூட்ல இருக்கற வரைக்கும் புள்ளயயும் பேத்தியயும் அனுப்ப மாட்டனுங்க."

"அதுதானுங்க சோறு போடுது."

"சோறு போடற குதிரை ஒருத்தரக் கொண்டுபோயிருச்சில்லீங்க. இது பச்சக் கொழந்தைங்க மாப்ள."

சம்சாரம் கதவோரம் நின்றாள். அந்தக் குதிரைக்குத் தினமும் கொள்ளு வேகவைத்துப் போட்டவள் அவள்தான். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வித்துப்போட்டு வாங்க" என்றாள்.

ஜட்காக்காரர் யாரும் வாங்கவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வண்டி வைத்திருந்த ஒரு வக்கீலிடம் கொண்டுபோனேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அவர் வீட்டம்மா வாசலுக்கு வந்து, "எதுக்குங்க நெத்தியில துணி? அவுத்துக் காட்டுங்க" என்றார். காட்டினேன். அப்படியே திரும்பி வந்தேன்.

கடைசியில் ஒரு மணல் வண்டிக்காரர் வந்தார். நொய்யலில் மணல் அள்ளிக் கட்டட வேலைக்கு ஓட்டுகிறவர். அவர் நெற்றியைப் பார்க்கவேயில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"சுழி சரியில்லைங்க."

"இருந்துட்டுப் போகுதுங்க. எங்கிட்ட வந்தா மொதல்ல சாகறது குதிரைதானுங்க. அப்பறந்தான நான்" என்று சிரித்தார்.

வேண்டாமென்று போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓட்டிக்கொண்டு போனார்.

பீளமேட்டில் ஒரு மில்லில் பஞ்சுப் பொதி இறக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். சம்சாரமும் குழந்தையும் வந்தார்கள்.

மறு மார்கழியில் அம்மாவுக்குத் திதி கொடுக்கப் பேரூர் போனேன். எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டுக் கரையேறும்போது அடிக்கிற சத்தம் கேட்டது. ஆற்றுக்குள்ளிருந்து வந்த மணல் வண்டி பாதி மேட்டில் நின்றது. பூட்டியிருந்தது என் குதிரை. விலா எலும்பு தெரிந்தது. வண்டி பூட்டிய வார் உரசி உரசித் தோள் புண்ணாகி ஈ மொய்த்தது. அதே வண்டிக்காரர்தான். சவுக்கைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். பின்னங்கால் மணலில் சறுக்கியது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அடிக்காதீங்க. பாதி மணல எறக்கிப்போட்டு ஏத்துங்க."

"எறக்குனா மறுக்கா யாருங்க அள்ளறது, நீங்களா?"

"அள்ளறனுங்க."

"இன்னிக்கு அள்ளுவீங்க. எனக்குத் தெனமும் இதே மேடுதானுங்க. கைய உடுங்க."

விட்டேன். குதிரை அவருடையது.

மறுபடியும் ஓங்கினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்னால் போய் அதன் காதருகே நின்றேன். சவாரி கிளம்பும்போது நான் சாட்டை எடுத்ததில்லை. 'போலாஞ் சாமி' என்பேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். காது என் பக்கம் திரும்பியது. கழுத்தைத் தாழ்த்தி இழுத்தது. முழங்கால் தரையில் மோதி எழுந்தது. வண்டி மேடேறி ரோட்டில் நின்றது. வாயெல்லாம் நுரை. முழங்காலில் ரத்தம்.

வண்டிக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"அட, உங்க பேச்சக் கேக்குதுங்களே! தெனமும் இந்நேரத்துக்கு வந்துட்டுப் போங்க."

மேல் துண்டால் அதன் முழங்காலைத் துடைத்தேன். அது மூக்கை என் தோளில் வைத்து மூச்சு விட்டது. அவர் ஏறி உட்கார்ந்து லகானை இழுத்தார். அது நகரவில்லை. என் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவர் சவுக்கை எடுத்தார்.

அப்போதும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். போனது.