எச்சில் அக்காவுக்கு யார் பொறுப்பு?

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? எச்சில் அக்காவை! வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலைச்சறுக்குப் படங்கள் பார்த்திருப்பீர்கள். அலை குகை மாதிரி சுருண்டு நிற்கும், உள்ளே ஒருத்தி போர்டில் குனிந்தபடி நேராக நம்மை நோக்கி வருவாள். கரையில் நின்றுகொண்டு அதை எடுக்க முடியாது. அலைக்குள்ளேயே மிதந்து, போர்டு ஒரு கை தூரத்தில் கடக்கும்போது எடுத்துவிட்டு, மறு நொடி தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக இதைச் செய்கிறார் அக்கா. தொழில், பள்ளி வேன் ஓட்டுவது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஏற்றும்வரை கடல்தான். கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து மூடி, முன்னால் இருக்கும் கண்ணாடிக் குமிழை நாக்கால் ஒரு நக்கு நக்குவார். எச்சில் பட்டால் நீர்த்துளி திட்டுத்திட்டாக நிற்காதாம். பெயர் வந்த கதை அதுதான். கூப்பிட்டால் கோபமே வராது, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்!

வரும் சனிக்கிழமை அலைச்சறுக்குப் போட்டி. தொண்டராகப் பெயர் கொடுக்கலாமென்று போட்டி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அக்கா, கடலில் இறங்கிப் படமெடுக்க அனுமதி அட்டை கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு போர்டின் அடியில் மீன்துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடு இடித்துப் புருவத்தில் ஏழு தையல். அதனால் போட்டிக் கமிட்டியின் செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"குடும்பத்துல யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும்மா."

"போன வருஷம் உங்க போட்டோகிராபருக்குக் கால் ஒடிஞ்சுதே, அவருக்கு யார் போட்டாங்க?"

"அது வேற."

"என்ன வேற? அவருக்குக் கால், எனக்குப் புருவம். அவ்வளவுதானே?"

அக்காவின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பேனாவைத் திறந்துவிட்டார். "குடுங்க சார், நான் போடறேன். ஒரு கையெழுத்துக்கு ஏன்க்கா இப்படி மல்லுக்கட்டற?"

"நாலாங்கிளாஸ் வரைக்கும் இவனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது நான். இவன் எனக்குப் பொறுப்பா?"

"எல்லார் முன்னாடியும் லேஸ் கதையை எடுக்கணுமாக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்கு முகம் சிவந்தது. "சரி, இப்பவே இறங்குங்க. ஒரு மணி நேரத்துல ஒரு நல்ல படம் கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

எல்லாரும் கரைக்கு ஓடினோம். ஆள் உயர அலை. போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அதில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக மூழ்கிக் கடந்து அப்பால் போய்விட்டார். கேமராவைத் தூக்கினார், பார்த்தார், அப்படியே திரும்பி நீந்தி வந்தார்.

"முடியலையா? நான்தான் சொன்னேன்ல?" என்றார் தம்பி.

"மூடிடா! மூடி!"

சண்டை போட்ட சூட்டில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பெட்டியைப் பூட்டியிருக்கிறார்! உப்புத் தண்ணீரில் வைத்து அதைத் திறக்க முடியுமா? தம்பியின் சட்டையிலேயே கையைத் துடைத்து, பெட்டியைத் திறந்து, மூடியை அவர் பையில் திணித்து, மறுபடி பூட்டி, மறுபடி அதே அலைகளுக்குள் போனார். தையல் போட்ட புருவத்தோடு, இரண்டாம் தடவை! செயலாளர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

அக்கா எடுத்துக்கொண்டு வந்த படத்தைக் கேமராத் திரையில் பார்த்தேன். ஒரு பெண், பல்லைக் கடித்துக்கொண்டு, சுருளும் தண்ணீர்ச் சுவரில் ஒரே ஒரு விரலால் கோடு கிழித்துக்கொண்டு வருகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"படம் பிரமாதம்மா. ஆனா கமிட்டி படிவத்தைக் கேக்குமே," என்றார் செயலாளர், இப்போது கொஞ்சம் தணிந்த குரலில்.

அக்கா படிவத்தை வாங்கினார். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தன் பெயர். உறவுமுறை என்ற இடத்தில், 'நானே'.

"இதை ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப, பொம்பளைக்கு மட்டும்தான் இந்தப் படிவம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. முப்பத்திரண்டு பிள்ளைங்களைத் தினமும் என்னை நம்பி ஏத்தி விடறாங்க. எனக்கு நான் பொறுப்பாக முடியாதா? சனிக்கிழமை தண்ணியில இருப்பேன். முடிஞ்சா வந்து தூக்கிட்டுப் போங்க."

தம்பி பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "எழுதினது எழுதினதுதான் சார். முத்திரை போடுங்க," என்றார்.

முத்திரை இன்னும் விழவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் கொண்ட கமிட்டி கூடுகிறது. அதற்குள் அந்த ஏழு பேரில் ஒருவர் கண்ணிலாவது இது பட்டாக வேண்டும், தயவுசெய்து பகிருங்கள். சனிக்கிழமை காலை கடற்கரைக்கும் வாருங்கள். அக்காவைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிட யாராவது வந்தால், கரையில் நாம் நிறையப் பேர் நிற்க வேண்டும்.