முதுகில் பட்ட கை

கோவில்பட்டியிலிருந்து ரஷ்யாவுக்குச் சுற்றுலா போன பெண்கள் குழுவில் நான் மட்டும்தான் தனியாள். மற்றவர்கள் அக்கா தங்கை, அண்ணி நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரிகள் என்று சோடி சோடியாக வந்திருந்தார்கள். அதனால் மாஸ்கோ ஓட்டலில் எனக்குத் தனி அறை. "சிஸ்டருக்கு யோகம்தான், கால நீட்டிப் படுக்கலாம்" என்றார்கள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஊரில் எல்லோருக்கும் சிஸ்டர்தான். கால் நீட்டிப் படுக்க ஊரில் எனக்கு ஒரு வீடே கிடக்கிறது. கணவர் தவறிப்போய்ச் சில வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில்.

ஒரு மத்தியானம் வழிகாட்டிப் பெண் எங்களை நீராவிக் குளியல் வீட்டுக்கு அழைத்துப்போனாள். பெண்கள் பகுதியில் ரஷ்யப் பெண்கள் பிறந்த மேனியாக, தலையில் கம்பளித் தொப்பி மட்டும் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, இவிய என்ன இப்படி இருக்காவ! நான் வரல."

"நைட்டியோட போவோம். என்ன சொல்லுதாவன்னு பாப்போம்."

நைட்டியோடுதான் போனோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மரப்பலகை அடித்த அறை. அடுப்பிலிருந்த கற்களில் தண்ணீர் ஊற்றியதும் ஆவி சீறிக்கொண்டு வந்தது. எங்களுக்கு வெக்கை புதிதில்லை. ஆனால் இது மூக்குக்குள் முள்ளாய்க் குத்தியது. பிர்ச் மரத்து இலைக்கொத்தை நனைத்து ஒருவர் முதுகில் ஒருவர் அடிக்க வேண்டும் என்றாள் வழிகாட்டி. ஒரே கூத்தாகிவிட்டது.

"மயினி, மெதுவா! பழைய கோவத்தையெல்லாம் என் முதுகுல காட்டாதீங்க" என்று அண்ணியிடம் கத்தினாள் நாத்தனார்காரி.

நான் ஒரு கொத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னையும் அடிங்க என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி, பெரிய உடம்புக்காரி, என் வயதுதான் இருக்கும், என்னைக் கவனித்துவிட்டாள். கொத்தை வாங்கிக்கொண்டு பலகையைத் தட்டிக் காட்டினாள். குப்புறப் படுத்தேன். நைட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள், நான் தடுக்கவில்லை. முதலில் இலையால் வருடிவிட்டு, பிறகு தோளிலிருந்து இடுப்புவரை அடித்தாள். வலிக்கவில்லை. கடைசியில் உள்ளங்கையை முதுகில் அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எத்தனை உடம்பைத் துடைத்துவிட்டிருப்பேன். என் மேல் கடைசியாக யார் கை பட்டது? ரத்தம் எடுத்த லேப் பெண், ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரி. வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அழுகை வந்தது. வேர்வையில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுப்பி உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றி, பிள்ளைக்குத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துவிட்டாள். ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னாள். வழிகாட்டியிடம் அர்த்தம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோவில்பட்டி ஸ்டேஷனில் ஒவ்வொருவரையும் கூட்டிப்போக வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். "போயிட்டு வாரோம் சிஸ்டர்" என்று கலைந்தார்கள். நான் ஆட்டோ பிடித்தேன். பூட்டிக்கிடந்த வீடு அனலாய் இருந்தது. ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

"என்னெல்லாம் பாத்தீங்கம்மா?"

சர்ச்சுகளைச் சொன்னேன், சுரங்க ரயிலைச் சொன்னேன். "அப்புறம், ஒரு குளியல் வீட்டுக்குப் போனோம்…" என்று ஆரம்பித்தேன்.

"ஸ்பாவா? இங்கயும் நெறய இருக்கும்மா." அவளுக்கு மீட்டிங் இருந்தது.

"நீ எப்பம்மா வாரே?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்குப் பாப்போம்மா."

போனை வைத்துவிட்டு மோட்டார் சுவிட்சைப் போட்டேன். தொட்டி நிறையும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.