நோட்டில் இல்லாத பதில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. அப்போது நான் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுவார்கள். கணவர் இல்லை. ஒரே மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க அவளுக்கு அவ்வளவு ஆசை; பீஸ் கட்டத்தான் பணமில்லை. வேறு வழி கிடைக்காவிட்டால் அவளும் என்னோடு கம்பெனிக்கு வருவது என்று பேசி வைத்திருந்தோம். பேசினோமே தவிர, எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஏழு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வீட்டோடு தங்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. வீடியோ காலில் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். மகள் விட்டாளா? நாலு நாள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். காரை பெயர்ந்த சுவரை மறைக்கப் புடவை கட்டினாள். அரிசி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, "போனைப் பாரும்மா, தரையப் பாக்காத" என்று அதட்டினாள். கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தாள். பள்ளிக்கூடத்திலேயே எனக்கு மனப்பாடம் வராது. அதனால் அவள் போனுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டைத் தூக்கிக் காட்டுவதாக ஏற்பாடு.

ஒரு விஷயத்தை மட்டும் வாயே திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. என் தம்பியின் குழந்தையை ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொசுவலையை மடிக்கத் திரும்பிய நேரத்தில் அது கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. தலையில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடும்போதே தம்பி மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தம்பி மனைவி ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கால் வந்தது. திரையில் ஒரு சின்ன வயசு அம்மா, கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம். சாப்பாடு, குளியல் என்று கேட்டதற்கெல்லாம் நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கேட்டார், உங்கள் கையில் எந்தக் குழந்தைக்காவது அடிபட்டிருக்கிறதா என்று. மகள் சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள். 'ஒருநாளும் இல்லை மேடம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எனக்கு அது வாயில் வரவில்லை. எங்கள் கம்பெனியில் சுடாத பொம்மையைத் தூக்கும்போது லேசாக இடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சொல்லாமல் அடுக்கிவிட்டால், சூளைக்குள் போய் விரிசல் விடும். இடித்த கையோடு மேஸ்திரியிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். பொம்மைக்கே அப்படி என்றால், பெற்றவளிடம் எப்படி மறைப்பது? நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். மகள் நோட்டை மடியில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு அந்த அம்மா மெதுவாக, "முந்தாநாள் என் கையிலேருந்தே இவன் விழுந்துட்டான்க்கா. நான் இன்னும் யாருக்கும் சொல்லல" என்றார். அதுவரை என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இன்டர்வியூ என்பதே எனக்கு மறந்துபோயிற்று. வாந்தி எடுத்தானா, பால் குடிக்கிறானா, எப்போதும் தூங்குகிறதைவிட அதிகமாகத் தூங்குகிறானா என்று நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பிள்ளையைப் போன் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பயல் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டு போனைப் பிடுங்கப் பார்த்தான். "நல்லா சிரிக்கறான்ம்மா. இருந்தாலும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க, மனசுல வச்சிக்கினு இருக்காதீங்க" என்றேன். சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மகள் சுவரில் கட்டிய புடவையை அவிழ்த்தாள். "நாளைக்கி நானும் உன்கூட கம்பெனிக்கு வரேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் போன் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டாராம், பயப்பட ஒன்றும் இல்லையாம். கணவரிடமும் சொல்லிவிட்டாராம். அதே மூச்சில், "எப்பக்கா வரீங்க?" என்று கேட்டார்.

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். பையன் இப்போது என்னை ஓடவிடுகிறான். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். போன மாதம் வார்டில் ஒருவருடைய காய்ச்சல் அளவை இன்னொருவர் சார்ட்டில் எழுதிவிட்டாளாம். யாரும் கவனிப்பதற்குள் தானே போய்ச் சொல்லி, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறாள். "உன்னாலதாம்மா" என்று போனில் என்னிடம் சண்டைக்கு வந்தாள். மகள் திட்டு வாங்கியதற்காக ஒருத்தி பெருமைப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை எதுவென்று யாராவது கேட்டால், இனி அவள் வாங்கிய அந்தத் திட்டைத்தான் சொல்வேன்.