நாற்பத்தொன்றாவது கேள்வி

என் தம்பி வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவன். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வருகிறது, அது எதற்கெல்லாம் போகிறது என்று விசாரித்து எழுதும் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை. மாதச் சம்பளம் கிடையாது. முழுதாக நிரப்பிய படிவம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. நான் திரைச்சீலை தைக்கும் கடையில் இருக்கிறேன். எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனாலும் ஜன்னலை இரண்டு தடவை அளக்காமல் துணியில் கத்திரி வைத்ததில்லை. தம்பியைப் பற்றியும் அளந்துதான் எழுதுகிறேன், கூட்டிச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை கூட்டிச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு போதும். அந்தக் கதைதான் இது.

அவனுடைய படிவத்தில் அறுபது கேள்விகள். நாற்பத்தொன்றாவது இது: "உங்கள் குடும்பம் வசதியாக வாழ மாதம் எவ்வளவு வேண்டும்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தலையாட்டக் கூடாது, தொகை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இது முடியாது. எதிரே இருப்பவர் கொஞ்சம் யோசித்தாலே, "ஐம்பதாயிரம்னு போட்டுக்கவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். என் தம்பி காத்திருப்பான். பதில் தெளிவாக இல்லையென்றால், "மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்பான். அலுவலகத்தில் அவனுக்கு 'மறுபடி' என்றே பெயர். இதனால் அடுத்தவர்கள் பத்துப் படிவம் முடிக்கிற நேரத்தில் இவன் ஏழுதான் முடிப்பான். கூலியும் ஏழுக்குத்தான்.

யார், எந்த வீடு என்று எங்களிடம் மூச்சு விடமாட்டான். பதில்களை மட்டும் சாப்பிடும்போது சொல்வான். காருக்கே தனி அறை கட்டியிருந்த ஒருவர், தன் வருமானத்தைப் போல மூன்று மடங்கு வேண்டும் என்றாராம். இவன் வாசல்வரை வந்த பிறகு கூப்பிட்டு, "தம்பி, அதை நாலு மடங்கா மாத்திடுங்க" என்றாராம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, "காய்ச்சல் வந்தா ஒரு நாள் படுக்கணும் சார். படுத்ததுக்குச் சம்பளத்துல பிடிச்சாலும் அந்த மாசம் ஓடணும். அதுக்கு எவ்வளவுன்னு போடுவீங்க?" என்று கேட்டாளாம். இவன் வாயைத் திறக்கவில்லை. அவளே விரல்விட்டுக் கூட்டி ஒரு தொகை சொன்னாள். தொகையைக் கட்டத்திலும், அவள் சொன்ன காரணத்தை ஓரத்தில் பொடி எழுத்திலும் எழுதி வந்தான். "ஓரத்துல என்னய்யா கதை எழுதற?" என்று தலைமை அலுவலர் சிடுசிடுத்திருக்கிறார். "கதை இல்ல சார். அந்த நம்பர் எங்கேருந்து வந்ததுன்னு இருக்கட்டுமேன்னுதான்" என்றானாம்.

பதில் தெரியாதவர்களுக்கும் படிவத்தில் இடம் உண்டு. தொண்ணூற்றெட்டு என்று எழுதினால் 'தெரியாது' என்று அர்த்தம். "சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணினது யாருடி?" என்று கேட்டால், அவனுடைய ஆறு வயது மகள் கூசாமல் "தொண்ணூத்தெட்டு" என்பாள்.

தம்பி, அவன் மனைவி, குழந்தை, நான். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். நான் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். குழந்தைக்கு ஷூ எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம், அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று. முனையில் என் கடைத் துண்டுத் துணியைச் சுருட்டி அடைத்துவிடுவேன். ஓடினால் டபக் டபக் என்று சத்தம் வரும்.

போன வருடம் அந்த அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலை வந்தது. மேற்பார்வையாளர். மாதம் நாற்பத்தைந்தாயிரம், சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வூதியம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் என் தம்பி. இன்னொருத்தி அவனோடு வேலை செய்யும் பெண், கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருப்பாள். அவளுக்குப் பெயரே பென்சில்தான். வெள்ளிக்கிழமை முடிவு.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, விசாரிக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில் எங்கள் வீடு வந்தது. சொந்த வீட்டை எழுதக் கூடாது என்பதால் பென்சில் வந்தாள். தம்பி குடும்பத்தோடு வெளியே போயிருந்தான். வீட்டுச் செலவைப் பார்க்கிறவள் நான், ஆகவே பதில் சொல்ல வேண்டியவளும் நான். பில்களை எல்லாம் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். உப்பு, சோப்புவரை சரியாகச் சொன்னேன்.

"தம்பிக்கு மாசம் எவ்வளவுக்கா வருது?"

சராசரி இருபத்தாறாயிரம். எனக்கு நாக்கு புரளவில்லை. நாளைக்கு இவளுக்கே மேலதிகாரியாகப் போகிறவன், இவள் முன்னாலா அவனைக் குறைத்துச் சொல்வது?

"முப்பத்தெட்டு" என்றேன்.

அவள் கையிலிருந்த பென்சிலின் முனையையே ஒரு நொடி பார்த்தாள். எழுதிக்கொண்டாள். நாற்பத்தொன்றாவது கேள்வியையும் கேட்டாள்.

"இருக்கறதே தாராளம்மா. எங்களுக்கு என்ன குறை?"

அதையும் எழுதினாள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "வரேங்க்கா" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்டா."

அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா, அவளும் அதே கூலிதானே வாங்கறா. எனக்கு எவ்வளவு வரும்னு அவளுக்குத் தெரியாதா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"திறக்கக் கூடாதுங்கறதுதானே விதி."

அவன் மனைவிதான் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "அண்ணி, பத்து வீட்டுக்கு ஒரு வீட்டை இவங்க தலைமை அலுவலர் மறுபடி சோதிப்பார். இந்த வீடு மாட்டினா தப்பு எழுதிட்டுப் போன அந்தப் பொண்ணு கணக்குல ஏறும். வேலை இவருக்குத்தான். மாட்டலைன்னா யாருக்கும் நஷ்டமில்லை." பிறகு அவனைப் பார்த்தாள். "சும்மா இருந்தாலே போதும். இல்லையா?"

"போதும்" என்றான். குழந்தையின் ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்த துணியை உதறிக் காற்றுப் பட ஜன்னலில் வைத்தான். "அக்கா, திங்கக்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிடு. பதிலைத் திருத்தணும்னா சொன்னவங்களே வந்தாகணும்."

"நீதான் சொல்லிக்கொடுத்தேன்னு அவர் நினைச்சுட்டா?"

"நினைக்கலாம்."

"வேலை போயிடும்டா."

"வராத வேலை எப்படிக்கா போகும்?" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தலைமை அலுவலர் என்னை உள்ளே கூப்பிட்டார். "முப்பத்தெட்டுன்னு உங்க தம்பி சொல்லச் சொன்னாரா?"

"அவன் சொல்லியிருந்தா உண்மையைத்தான் சொல்லச் சொல்லியிருப்பான் சார். இது நானா வெட்டின துணி."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பென்சில் புதுப் படிவம் கொண்டுவந்தாள். இருபத்தாறாயிரம் என்றேன். நாற்பத்தொன்றில் வந்து நின்றாள். நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கும் நான் பொய்தான் சொன்னேன். என் பங்கையும் சேர்த்து இப்போது வருவதை முதலில் வைத்தேன். இரண்டு வருடமாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறேன், அந்தப் பல்லுக்கு வைத்தியச் செலவைக் கூட்டினேன். குழந்தைக்கு அந்தந்த வருடத்து அளவில் ஷூ. தம்பி ஞாயிற்றுக்கிழமையும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வீட்டில் இருக்க, அந்த நாலு நாள் கூலி. எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் என்றேன். அவள் கட்டத்தில் தொகையை எழுதினாள். பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுதினாள். தம்பியின் பழக்கம் அவளுக்கும் தொற்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலை அவளுக்குப் போயிற்று. அவனுடைய பெயருக்கு எதிரே, 'வீட்டார் பதில் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி ஏறியிருந்ததாம். முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தான். "நல்ல வேலைக்காரிக்கா. காத்திருக்கத் தெரிஞ்சவ" என்றான். அவன் மனைவி இரண்டு நாள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அது நியாயம்தான். மூன்றாம் நாள் அவனுடைய சட்டைப் பையில் புதுப் பேனா இருந்தது. அவள் வாங்கி வைத்தது.

நல்ல சம்பளம் என்றால் அடுத்தவர் முன்னால் கூசாமல் சொல்லக்கூடிய தொகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இருபத்தாறைக் கூசாமல் சொல்ல ஒருவன் என் வீட்டிலேயே இருந்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு காலை அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். வழியை மறித்து நின்றேன்.

"டேய், நாற்பத்தொண்ணாவது கேள்வி. நீ பதில் சொல்லு."

"தொண்ணூத்தெட்டு" என்று நழுவப் பார்த்தான். நான் நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து மனதுக்குள் கூட்டினான்.

"நாற்பத்துநாலாயிரம்."

"என் பல்லைச் சேர்த்தியா?"

"அதைத்தான் முதல்ல போட்டேன். ஷூவும் இருக்கு."

என் தொகையைவிட நாலாயிரம் குறைவு. எது விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள். அவன் தோளிலிருந்து பையைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

"மறுபடி ஒரு தடவை சொல்லு" என்றேன்.