ராசாத்தியின் முதல் வாய்ச் சோறு

கைக்குழந்தைக்கு எப்ப, என்ன, எப்படி ஊட்டணும்னு சொல்றதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. அதைக் காது குடுத்துக் கேக்குறதுக்குத்தான் ஊருக்குள்ள யாருக்கும் சம்பளம் குடுக்கல. எண்பதுகளோட ஆரம்பம். சமயநல்லூரைச் சுத்தி நாலு கிராமம் என் பொறுப்பு. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, சமயநல்லூர்ல எறங்கி, அங்கேயிருந்து நடை. ஒரு தோள்ல பிள்ளைகளை எடை போடுற ஸ்பிரிங் தராசு, இன்னொரு தோள்ல பை. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட அரைமணி நேரம் காக்காயைக் காட்டி நின்ன தாய்மாரே, நான் அதை நாப்பது பிள்ளைகளுக்குச் செஞ்சவ. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

எடை போட நாள் பார்த்தது

பாண்டியம்மா மகளை நான் மொதமொதல்ல பார்த்தப்ப அதுக்கு ஒம்பது மாசம். பேரு ராசாத்தி. மூஞ்சியில கண்ணு மட்டும்தான் இருந்துச்சு. தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் உள்ள போகல. அஞ்சாறு மாசத்துக்கு மேல பாலோட சேர்த்து கொஞ்சம் கெட்டியாவும் குடுக்கணும், இல்லைன்னா பிள்ளை தேறாது.

எடை பார்க்கலாம்னு வேப்பங்கெளையில தராசைத் தொங்கவிட்டா, ஆத்தாடி, அம்புட்டு சாங்கியம்! செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, உச்சிப்பொழுது கூடாது. தராசுல நிறுத்துப் பார்த்தா பிள்ளை எளைச்சுப் போகுமாம். இதுக்கு மேல எளைக்க என்ன இருக்குன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிக்கிட்டேன். புதன்கிழமை காலையில போய், துணியில போட்டுத் தூக்கினேன். முள்ளு அஞ்சு கிலோவுல நின்னுபோச்சு. எட்டு கிலோ பக்கம் இருந்திருக்கணும். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள பாண்டியம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"எடையைச் சத்தமாச் சொல்லாதீங்கக்கா, அந்தத் தராசே கண்ணு வச்சிரும்."

மடி கிடைக்கல

ஏன் சோறு குடுக்கலைன்னு கேட்டா, அந்த வீட்டு வழக்கம் அப்படி. குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்தி, அங்க பொங்குன சோத்தை மாமன் கையால மொதல் வாய் ஊட்டணும். அதுவரைக்கும் சோத்தைப் பிள்ளை கண்ணுல காட்டக்கூடாது. சரி, மாமனைக் கூப்பிட வேண்டியதுதானேன்னேன். பாண்டியம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

விஷயம் என்னன்னா, மாமன் பேரு சோலை, பாண்டியம்மாவோட கூடப்பொறந்த அண்ணன், மேலூர்ல கல்லு லாரி ஓட்டுறாரு. தங்கச்சி வளைகாப்புக்குச் சீர் தட்டோட வந்த பஸ் வழியில நின்னுபோச்சு. வந்து சேர்றதுக்குள்ள இவ புருஷன் கருப்பையா வீட்டுக்காரங்க பந்தியைப் போட்டுட்டாங்க. தாய்மாமன் ஆகப்போறவனுக்கு மொதப் பந்தியில எலை இல்லை! சீரை வாசல்ல வச்சிட்டு, தண்ணிகூடக் குடிக்காம அடுத்த பஸ்ஸைப் புடிச்சவருதான். பிள்ளை பொறந்த சேதி சொல்லி அனுப்பினதுக்கும் வரல. காதுகுத்துக்குத் தேதி கேட்டு ஆள் விட்டதுக்கு அவரு சொல்லி அனுப்பின பதிலை, கருப்பையா என்கிட்ட பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னாரு.

"மொதப் பந்திக்கு நான் வேணாம், மொதச் சோத்துக்கு மட்டும் என் மடி வேணுமாக்கும்?"

கேப்பை சோத்துல சேருமா

ரெண்டு நாளு யோசிச்சேன். மூணாம் நாள் கருப்பையாகிட்ட போய், "அண்ணே, உங்க சாமி சோத்தைத்தானே கூடாதுன்னுச்சு? கேப்பையைப் பத்தி எதுவும் சொல்லுச்சா?"ன்னு கேட்டேன். மனுஷன் வெத்தலையை இந்தக் கன்னத்துலருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்தி, நெல்லுச்சோறு மட்டும்தான் சோறுன்னு தீர்ப்புச் சொன்னாரு. அதுக்கு மேல நான் நிக்கல. கேப்பையை ஊறவச்சு, ஆட்டி, துணியில வடிகட்டி, அந்தப் பாலை அடுப்புல வச்சு, கைவிடாமக் கிண்டி, துளி கருப்பட்டி போட்டு எறக்கினேன். கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, மெதுவா நழுவணும். அதுதான் பதம்.

மொத வாய் வச்சதும் நாக்காலயே வெளிய தள்ளிட்டா. ரெண்டாவதும் அப்படித்தான். பிடிக்காம இல்லை, உறிஞ்சி மட்டுமே பழகின நாக்கு, முழுங்கத் தெரியாம தள்ளுதுன்னு வெளக்கம் சொல்லிக்கிட்டே ஊட்டினேன். அஞ்சாவது வாய் உள்ள போச்சு. ஆறாவது என் மூக்குக் கண்ணாடியில வந்து விழுந்துச்சு. கருப்பையா அன்னைக்குத்தான் சிரிச்சு நான் பார்த்தேன்.

"அப்படியே எங்க அக்கா மாதிரிங்க, நல்லதைக் குடுத்தாலும் மூஞ்சியிலதான் துப்புவா."

நான் எழுதிக் குடுத்த சீட்டு

இது என் தப்பு, ஒத்துக்கிறேன். மதுரையில பத்து நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. போற அவசரத்துல ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போனேன்: பாசிப்பயறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை மஞ்சக்கரு, முருங்கைக்கீரை. ஒரு புதுச் சாமானைக் குடுத்தா மூணு நாலு நாள் அதையே குடுத்துப் பார்த்து, வயித்துக்கு ஒத்துக்கிட்டா அப்புறம்தான் அடுத்ததுன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல. எனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு ஒரு நெனப்பு.

திரும்பி வந்தா, பிள்ளை வாழைத்தண்டு மாதிரி துவண்டு கெடக்கு. நாலு நாளா வயித்தால போகுது. அஞ்சு சாமானும் ஒரே நாள்ல உள்ள போயிருக்கு. உப்பும் சர்க்கரையும் போட்டு ஆறவச்ச தண்ணியைக் கரண்டி கரண்டியா குடுத்து, தாய்ப்பாலை நிறுத்தாதேன்னு சொல்லி, சாயங்காலம் பிள்ளை ஒண்ணுக்குப் போற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பொழைச்சுக்கிட்டா. ஆனா எடை நாலே முக்கால். கருப்பையா கூழ்ச்சட்டியைக் கவுத்து வச்சிட்டாரு. இனிமே மாமன் வந்து ஊட்டுற வரைக்கும் பச்சைத்தண்ணியும் கெடையாதுன்னாரு. பாண்டியம்மா அழுதுக்கிட்டே சொன்னதை என்னால இன்னும் மறக்க முடியல.

"டாக்டர் மருந்துச் சீட்டு குடுத்தா எல்லாத்தையும் அன்னைக்கே குடுக்குறதில்லையாக்கா, நானும் அப்படித்தானே குடுத்தேன்."

மேலூர் பஸ் ஸ்டாண்டு

தப்பு என்னோடது, அதனால நடையும் என்னோடதுதான். ஞாயித்துக்கிழமை மேலூர் போய், விசாரிச்சு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி டீக்கடையில சோலையைப் புடிச்சேன். ஆளு நல்ல ஒசரம். பாண்டியம்மா பேரைச் சொன்னதும் மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. "அந்த வீட்டுலருந்து தூது வந்தீங்கன்னா டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க"ன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "நான் அந்த வீட்டுத் தூதும் இல்லை, பந்தியில யாரு மொதல்ல உக்காந்தாங்கங்கிறது எனக்குத் தேவையும் இல்லை. உங்க மருமகளுக்குப் பத்து மாசம் ஆச்சு. எடை நாலே முக்கால் கிலோ. நீங்க வந்து ஊட்டுனாத்தான் அது சாப்பிடும், இல்லாட்டி சாப்பிடாது. அம்புட்டுத்தான்"னு சொல்லிட்டேன். சத்தமாத்தான் சொன்னேன். கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

டீ கிளாஸை மேசையில வச்சாரு. எடை பார்க்குற மாதிரி உள்ளங்கையை மேலயும் கீழயும் அசைச்சுப் பார்த்தாரு. மெதுவா எந்திரிச்சாரு.

"எங்க வீட்டுச் சண்டைச்சேவலே நாலு கிலோ இருக்கும் தங்கச்சி."

குலதெய்வம் கோயில்

அடுத்த புதன்கிழமையே வச்சாங்க. மொட்டை போட்டாச்சு, காது குத்தியாச்சு, பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. சோலை பொங்கச்சோத்தை ரெண்டு வெரலால மசிச்சு மசிச்சு, நெல்லுமணி அளவு எடுத்து வாயில வச்சாரு. துப்பினா. மறுபடி வச்சாரு. கல்லு லாரி ஓட்டுற கைக்கு அம்புட்டுப் பொறுமை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லை. நாலு வாய்க்கு அப்புறம் ராசாத்தியே மாமன் வெரலைப் புடிச்சு வாய்க்கு இழுத்தா. பாண்டியம்மா சேலை முந்தானையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டா. எனக்கும் கண்ணு நிறைஞ்சுபோச்சு, அடுப்புப் புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அங்கிட்டுப் பந்தி தயார். மொத எலையை மச்சானுக்குன்னு போட்டு, கறிக்கொழம்பும் ஊத்திட்டு, கருப்பையா ஓடி வந்தாரு. "மச்சான், உங்க எலைதான் மொத எலை, நீங்க உக்காந்தாத்தான் மத்தவுக உக்காருவாக, வாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நின்னாரு. மொத்தச் சாதிசனமும் பசியோட பார்த்துக்கிட்டு இருக்கு. சோலை மடியைவிட்டுப் பிள்ளையை எறக்கல, தலையையும் நிமித்தல.

"எல்லாரும் சாப்பிடுங்க மாப்ள, இவ தின்னு முடிக்கட்டும், எனக்கு ரெண்டாம் பந்தி போதும்."

ஊர் ஊரா ஊட்டப் பழக்கினதுல நான் கண்டது ஒண்ணுதான்: பிள்ளைங்க அஞ்சாவது வாய்க்கு முழுங்கிடும், பெத்தவங்களும் மாமன்மாரும் முழுங்கத்தான் மாசக்கணக்காகும்.