பூட்டுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கப்பல் தளத்தில் படுத்தே பினாங்கு வந்து இறங்கினேன். சாலைக்குக் கல் உடைத்தேன். ஒரு துரையின் மோட்டாரைக் கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றேன். இன்று ஜார்ஜ் டவுனில் மூன்று வாடகைக் கார்கள், ஆயர் ஈத்தாமில் செங்கல் வீடு. எல்லாம் இந்தக் கையால் ஆனவை. அந்தக் கையை ஒரு சின்னச் சாவி கட்டிப்போட்டது நான்கு வருடத்துக்கு முன், பாயான் லெப்பாஸில்.

அப்போது என்னிடம் ஒரே கார், இங்குள்ளவர் பேச்சில் 'காடி'; இரண்டு கை மாறி வந்த பழசு. சனிக்கிழமைதோறும் நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். கிண்ணத்தில் மிஞ்சிய நல்லெண்ணெயில் வண்டிக்கும் பங்கு உண்டு: கதவுக் கீல், பெட்டி மூடி, சாவித் துவாரம் எல்லாவற்றுக்கும்.

அன்று காலை ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவை ஏற்றப் போனேன். ஊரில் அக்காவிடம் விட்டுவந்த மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று அவருக்குத் தந்தி. பகல் பன்னிரண்டுக்கு நாகப்பட்டினம் கப்பல். விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்தது. பஸ்ஸும் போய்விட்டது. அவர் பெட்டியைப் பின்னால் கட்டிவிட்டு வந்து, வண்டியைக் கிளப்பச் சாவியைப் போட்டேன். பாதிதான் போயிற்று. பலமாகத் திருகியதில் சாவி லேசாக வளைந்துவிட்டது. உடைந்தால் தீர்ந்தது.

மாட்டுவண்டிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "என்னா அண்ணே, காடிக்கு வயித்து வலியா? என் மாட்ட அவுத்துக் கட்டவா லா?"

ஆத்திரத்தோடு எண்ணெய்க் குப்பியை எடுத்தேன்.

"வேணாம் அண்ணே," என்றார் டீச்சரம்மா, சாவித் துவாரத்தைச் சுற்றி வழிந்திருந்த எண்ணெயைக் காட்டி. "எண்ணெய் குடிச்சுக் குடிச்சுத்தான் ஒட்டிக்கிட்டிருக்கு."

"பிள்ளைங்களுக்கு நீங்க வாத்தியார் டீச்சரம்மா. காடிக்கு நான்தான் வாத்தியார்."

"என் மக என்னைத் தேடிக்கிட்டு கிடக்கும் அண்ணே. ஒரே ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க."

கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. குப்பியை மூடினேன்.

சாவியை உருவினால் கறுப்புப் பசை. எண்ணெயும் சாலைத் தூசியும் சேர்ந்து இறுகியிருந்தது. பள்ளி அலமாரிப் பூட்டுக்கு அவர் பென்சில் கரியைத்தான் தேய்ப்பாராம். பசை மேல் கரி போட்டால் சேறாகும் என்று எனக்குப் பட்டது. பொறி பறந்து தீப்பிடிக்காமலிருக்கப் பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன். கோழி இறகைப் பெட்ரோலில் நனைத்துத் துவாரத்தைக் கழுவி, காயும்வரை ஊதினேன். அவர் பென்சில் முனையைக் காகிதத்தில் சுரண்டித் தூளாக்கினார். வளைந்த சாவியைத் தட்டி நேராக்கி, தூளை அதில் தடவி, அழுத்தாமல் விட்டு விட்டு எடுத்தேன். ஏழாவது தடவை முழுதும் உள்ளே போய்த் திரும்பியது. கம்பியை மாட்டிக் கிளப்பினேன்.

துறைமுகத்தில், கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் கடைசிப் படகில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

ஆறு மாதத்தில் மகளோடு திரும்பினார். பிள்ளைக்கு மொட்டையடித்த தலையில் அரை விரல் முடி, நோஞ்சான் உடம்பு. என் பக்கத்தில் உட்கார்ந்து, "சாவிய நான் திருப்பட்டா மாமா?" என்றது பிள்ளை. திருப்பியது.

இப்போது இங்கே டிரைவர்கள் எல்லாருமே பூட்டுக்குப் பென்சில் தூள்தான் போடுகிறார்கள். அதற்கு 'டீச்சர் மருந்து' என்று பேர். நியாயம்தான். பிறர் பேச்சை முழுதாகக் கேட்டபிறகே கையை நீட்ட வேண்டும் என்று அன்று படித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் முதலில் பெட்ரோலால் கழுவியது என் யோசனை. மருந்தைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.