நான் விலக்கிவைத்தவள்

போன வருடம் தை மாதத்திலிருந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறுகளில் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். மற்ற ஞாயிறுகளில் முதல் மணிக்கே போய் என் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் மட்டும் முழங்கால் வலி என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். பாட்டுச் சத்தம் காற்றில் ஏறி வரும்போது எழுந்துபோய் ஜன்னலையும் சாத்துவேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

பயம் சேலத்தில் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, இந்த வயதில் அறுவை சிகிச்சை வேண்டாம், மருந்தோடு கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஏற்காட்டுக்குத் திரும்பப் பஸ் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாவை நினைத்தேன். அதற்குப் பின்னால் இருப்பதையும் நினைத்தேன். இருபது வருடம் சபையின் செயலாளராக இருந்தவன் நான். முதல் திருவிருந்துக்குத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிருபை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவன். தகுதியில்லாதவனுக்குத் தேவன் காட்டும் தயவு என்று தடுமாறாமல் ஒப்பிக்கும்வரை ஒருவரையும் வீட்டுக்கு விடமாட்டேன். பஸ்ஸில் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் இருந்தது. கண்முன் வந்து நின்றது ஒரு பெண்ணின் முகம்.

முப்பது வருடத்துக்கு முன்பு கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். கல்லூரியில் படித்தவன் என்பதால் மேனேஜருக்கு அடுத்தபடி அங்கே என் பேச்சு செல்லும். மிளகு குடோனின் சாவி என் சட்டைப்பையில் இருக்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஏற்காட்டில் சபைக் கமிட்டிக் கூட்டம் இருந்தது. வளைவில் பஸ் ஹாரன் கேட்டதும் கதவைச் சாத்தி, பூட்டை வளையத்தில் மாட்டிவிட்டு ஓடினேன். சாவியைத் திருப்பினேனா என்ற யோசனை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. திருப்பியிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் பூட்டு வாய் பிளந்து தொங்கியது. உள்ளே மூன்று மூட்டை மிளகைக் காணவில்லை. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் மேனேஜரிடம் போனேன்.

"பூட்டினீங்களா?" என்று கேட்டார்.

"பூட்டினேன் சார்."

"அப்ப எப்படிய்யா போச்சு?"

"கள்ளச்சாவி போட்டிருப்பாங்க சார். ஆளுங்களைச் சத்தியம் பண்ணச் சொல்லுவோம்."

எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம். எஸ்டேட் முனியப்பன் சாமி முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். ஒவ்வொருவராக வந்து "நான் எடுக்கவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்கவேண்டும். பொய்யாக அணைத்தவன் ரத்தம் கக்குவான் என்பது நம்பிக்கை. அணைக்க மறுக்கிறவன்தான் திருடன். அவனுக்கு வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். பூட்டைப் பற்றிய கேள்வி மறுபடி என் பக்கம் திரும்பாமலிருக்கவே நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

என்னைத் தவிர அங்கே வேலை செய்த கிறிஸ்தவள் ஒருத்திதான். பஸ்ஸில் என் கண்முன் வந்து நின்றவள். எங்கள் சபையைச் சேர்ந்தவள். புருஷன் இல்லை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, நான் எப்பிடிங்க முனியப்பங்கிட்டப் போய்ச் சத்தியம் பண்ணறது? வேணும்னா வேதப்புஸ்தகத்து மேல கை வெச்சுச் சொல்றேனுங்க. மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். உனக்கு மட்டும் தனியா வெச்சா மத்தவங்க என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

மறுநாள் காலை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். காப்பிச் செடிகளுக்குக் கவாத்து வெட்டும் ஒரு கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, ரைட்டரய்யா அணைக்கலீங்களா? சாவி உங்க சட்டைச் சோப்புலதானுங்களே இருக்குது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். "நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு அது ஆகாது" என்றேன். மேனேஜர் சரியென்று தலையாட்டினார். அவள் மூன்று பேருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவளும் வேதக்காரிதான் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழவரின் கேள்வி மறுபடி எழுமோ என்று பயந்தேன். அவள் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். கற்பூரத்தின் மேல் கையை வைத்தாள்.

மிளகு கிடைக்கவேயில்லை. அவள் முனியப்பன் முன்னால் சத்தியம் செய்த செய்தி மட்டும் ஏற்காட்டு பஜாருக்குப் போய், அங்கிருந்து சபைக் கமிட்டிக்கு வந்தது. ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார்: "அந்த எஸ்டேட்டுலதான இருக்கீங்க, நெசந்தானுங்களா?" என் கண்ணால் பார்த்தேன் என்றேன். யார் அணைக்கச் சொன்னது என்று எவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதை மைக்கில் வாசித்தவன் செயலாளராகிய நான். கொஞ்ச நாளில் அவள் எஸ்டேட்டை விட்டு, மஞ்சக்குட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

நான்காவது மாதமும் நான் வராமல்போகவே போதகர் வீடு தேடி வந்தார். என் மகன் வயதுகூட இருக்காது. காப்பியைக் குடித்துவிட்டு, "ஏனுங்கய்யா, உங்க முட்டி காலண்டர் பார்த்து வலிக்குமுங்களா?" என்றார். சிரிக்க முயன்றேன், முடியவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தேவன் உங்களை மன்னித்துவிட்டார் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஞாயிறே போய்விடலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். இந்தப் பாவத்தோடு தகுதியில்லாமல் அபாத்திரமாய்த் திருவிருந்து அப்பத்தை வாங்கினால் என்ன ஆகும் என்ற பயம்தான் என்னை வீட்டில் உட்காரவைத்திருந்தது.

"அந்தம்மா இருக்காங்களா?" என்றார்.

"இருக்கறதாத்தான் சொல்றாங்க."

"தேவனோட மன்னிப்பை நான் சொல்லலாமுங்கய்யா. அந்தம்மா சார்பா நான் சொல்ல முடியாதுங்களே."

அடுத்த வாரம் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஏறினேன். உள்ளே பத்துப் பேரை அடைத்துவிட்டு டிரைவர், "தாத்தா, நீங்க முன்னாடி வாங்க. பின்னாடி உக்காந்தா எலும்பு எண்ணிக்கை கொறைஞ்சுபோயிரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ, அவள் இறந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. பாவத்தைச் சொல்லப் போகிற வழியிலேயே இன்னொரு பாவம்.

அவள் வாசலில் சாக்கு விரித்துப் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரென்று நான் சொல்வதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரைட்டருங்களா? ஏனுங்க, நீங்க இன்னும் இருக்கீங்களா? உக்காருங்க. கையெல்லாம் பாலு, சேரை நீங்களே இழுத்துப் போட்டுக்கங்க."

உட்கார்ந்தேன். "நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கேக்கணும்" என்றேன்.

"என்னைய 'நீங்க' போட்டுப் பேசறீங்களே! அப்ப நொம்பப் பெரிய விசயந்தானுங்க."

பூட்டைப் பற்றிச் சொன்னேன். மேனேஜரிடம் சொன்ன பொய், சத்தியம் என் யோசனைதான் என்பது, கமிட்டியில் நான் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுளை பிரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "அப்ப பூட்டவே இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லைங்கம்மா."

"நீங்க எம் பேரைப் படிச்சீங்களே, அன்னைக்கு எம்புள்ள பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அதுக்குப் பேரு மட்டுந்தான் புரிஞ்சுது. 'அம்மா, உனக்குப் பரிசு குடுக்கறாங்க, எந்திரி எந்திரி'ன்னு என்னைய நெட்டித் தள்ளுச்சுங்க."

ஒரு வருடம் கழித்துக் திருவிருந்துக்குக் கூப்பிட்டிருப்பார்களே என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்க. நாந்தான் போகலீங்க. அந்தக் கற்பூரத்தைத் தொட்டு அணைச்சுப்போட்டு அப்பத்தை எப்பிடிங்க வாங்கறது? சாமி கோவிச்சுக்கிட்டா எம்புள்ளைக்கு எதாச்சும் ஆயிப்போகுமேன்னு பயமுங்க. இங்கிருக்கற சின்னக் கோயிலுக்கு வாராவாரம் போறேன். திருவிருந்துன்னா எந்திரிச்சு வெளிய வந்துருவேன். இந்நாள் வரைக்கும் அப்பிடித்தானுங்க."

நான்கு மாதமாக நான் நடுங்கிக்கொண்டிருந்த அதே பயத்தில் அவளை முப்பது வருடம் உட்காரவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது உங்க பாவம் இல்லைங்கம்மா. என்னோடது" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமுங்களா? எம் பேரை எங்க படிச்சீங்களோ, உங்க பேரையும் அங்கயே போய்ப் படிங்க. நான் வந்து உக்காந்து கேக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பயத்துக்கு முன்னால் வால்வுப் பயம் ஒன்றுமேயில்லை. பஜாரில் எனக்கு வணக்கம் சொல்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்வேன். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு யாராவது போன் செய்து சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஆண்டவர் என்னை எடுத்துக்கொண்டால் தேவலை என்று ஜெபிக்கத் தொடங்கி, அப்படிப் போனால் எங்கே போவேன் என்ற திகிலில் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். வாசிக்கவேண்டியதை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் பஸ் வந்துவிட்டது, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, வேலை போயிருந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று காரணங்கள் நிறைய இருந்தன. படித்துப் பார்த்தால் அவள்மேல் இரக்கம் வரவில்லை, என்மேல் வந்தது. நான்காவதில் நடந்தது மட்டும் இருந்தது. ஐந்து வரி.

முதல் ஞாயிறு அவள் மகளோடு வந்திருந்தாள். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பு நேரத்தில் போதகர் என்னை அழைத்தார். மைக்கைப் பிடித்தபோது என் மூச்சு ஆலயம் முழுவதும் கேட்டது. என் பெயரைச் சொன்னேன். ஐந்து வரியையும் வாசித்தேன். அவளைச் சபை விலக்கியது தவறு, அதற்குக் காரணம் நான், அவளிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று முடித்தேன். இடத்துக்குத் திரும்பியதும் பழைய மூப்பர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "செத்த பாம்பை இப்ப எதுக்குய்யா அடிக்கறீங்க?" என்று முணுமுணுத்தார்.

சொல்லிவிட்டால் பயம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன். இறங்கவில்லை. எல்லோரும் என்னைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த முகத்தோடு முன்னால் போவது? இன்றைக்கு வேண்டாம், இன்னும் ஒரு வருடம் தள்ளி நிற்பதுதான் எனக்குரிய தண்டனை என்று தீர்மானித்தேன். அவளுக்கு நான் அளந்த அதே ஒரு வருடம். அது எனக்கு நியாயமாகவும், கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது.

திருவிருந்துக்கு வரிசை நகர ஆரம்பித்தது. ஆண்கள் முடிந்து பெண்கள் எழுந்தார்கள். நான் தலையைக் குனிந்திருந்தேன். என் பெஞ்சருகே யாரோ நின்றார்கள். அவள்.

"எந்திரிங்க" என்றாள் மெதுவாக.

"இன்னைக்கு வேண்டாம்னு இருக்கேங்கம்மா."

"வேண்டாமுன்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க? என்னைய வேண்டாமுன்னு சொன்னதும் நீங்கதானுங்களே." முன்னால் நகர்ந்த வரிசையைப் பார்த்தாள். "எனக்குக் காலெல்லாம் ஒதறுதுங்க. இத்தனை வருசம் கழிச்சு ஒத்தையில போக முடியாது. வாங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. என்னைப்போலவே பயந்துபோய் ஒரு துணை கேட்டாள், அவ்வளவுதான். அதை மறுக்க எனக்கு வழியில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நெஞ்சு தாறுமாறாக அடித்தது. கீழே விழுந்துவிடுவேன் என்றே நினைத்தேன். பெண்கள் வரிசையில் அவளுக்குப் பின்னால் நடந்துபோய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அந்த ஆலயத்தில் அதுவரை தடுக்கிற வேலையைச் செய்துவந்தவன் நான்தான்.